பட்டியலில் இல்லாத பெயர்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நான் இந்த ஐதராபாத் நகருக்கு வந்து சேர்ந்தேன். கையில் ஒரு பெட்டி. பெட்டியில் நான்கு சட்டைகள். சட்டைகளுக்கு அடியில் சான்றிதழ்கள். சேர்க்கை முடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் எனக்கென ஒரு மேசை ஒதுக்கினார்கள். மேசைமீது ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தேன். அதில் என் பெயர் இல்லை. என் தந்தையாரின் பெயர் இருந்தது.

அன்று முதல் மூன்று மாதங்கள் அந்தப் பெயராலேயே நான் அழைக்கப்பட்டேன். பேராசிரியர் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்கமாட்டேன். ஊரில் வரப்பின்மேல் நிற்கும் அப்பாவை யாரோ கூப்பிடுவது போலத்தான் இருக்கும். ஒருநாள் தொலைபேசியில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்படியானால் பரீட்சையையும் நானே வந்து எழுத வேண்டியதுதானா?" என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. ஏன் நீடிக்கவில்லை என்பதைப் பின்னால் கூறுகிறேன். முதலில், இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதைப் பார்ப்போம். ஏனெனில், இது என் ஒருவனுடைய கதை அன்று. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து படிக்கும் நம்மில் பலருடைய கதை.

நாம் ஒரு விண்ணப்பத்தை ஒருமுறைதான் நிரப்புகிறோம். ஆனால் நம்மைப் பற்றிய விவரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து நூலகத்திற்குப் போகிறது; விடுதிக்குப் போகிறது; மின்னஞ்சலுக்குப் போகிறது; உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திற்கும் போகிறது. இவற்றையெல்லாம் இணைத்து, 'இவர் இன்னார். இவருக்கு இந்தக் கதவு திறக்கலாம்' என்று சொல்லும் மென்பொருளுக்கு அடையாள மேலாண்மை மென்பொருள் என்று பெயர். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வோர் அலுவலகமும் ஒரே செய்தியைத் தனக்குரிய குறியீட்டில் எழுதி வைத்திருக்கும். ஓரிடத்தில் 'இயற்பியல்' என்று இருப்பது இன்னோரிடத்தில் ஓர் எண்ணாக இருக்கும். மூன்றாம் இடத்தில் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். ஒன்றை மற்றொன்றாகப் பெயர்க்க நடுவே ஒரு பட்டியலை வைக்கிறார்கள். இடப்பக்கத்தில் இந்தச் சொல் வந்தால் வலப்பக்கத்தில் உள்ள அந்தச் சொல்லை எடுத்துக்கொள் என்பதே அதன் கட்டளை. தொழிலில் உள்ளவர்கள் இதனை 'லுக்கப் டேபிள்' என்பார்கள். நாம் ஒப்புப் பட்டியல் என்போம்.

இந்தப் பட்டியலைப் பழிப்பது என் நோக்கமன்று. அது இல்லாமல் ஒரு நாளும் நகராது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆந்திரப் பிரதேசத்தின் எண் 28. தமிழ்நாட்டின் எண் 33. 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. அதற்கு 36 என்ற எண் கிடைத்தது. சரக்கு, சேவை வரிப் பதிவெண்களிலோ புதிய ஆந்திரத்திற்கு 37 என்று எண் கொடுத்தார்கள். ஒரே மாநிலம் ஓரேட்டில் 28, மற்றோர் ஏட்டில் 37. இரண்டையும் அறிந்த பட்டியல் ஒன்று இடையில் இல்லாவிட்டால் ஏடுகள் இரண்டும் ஒன்றோடொன்று பேசவே முடியாது. ஆகவே, பட்டியல் வேண்டும். ஆனால் எதற்குப் பட்டியல் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று அறிதல் அதைவிட வேண்டும். இதுவே நான் சொல்ல வந்தது.

என் ஊர் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். என் தாத்தாவின் நிலப் பத்திரத்தில் அது தென்னார்க்காடு மாவட்டம். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. ஆகவே என் பிறப்புச் சான்றிதழில் அது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது. ஆகவே இன்றைய என் முகவரியில் அது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஊர் ஓர் அடிகூட நகரவில்லை. அதே ஏரி, அதே புளியமரம். மூன்று தலைமுறைக்குள் மூன்று மாவட்டங்கள்! தமிழ்நாட்டில் 2018 வரை 32ஆக இருந்த மாவட்டங்கள் 2020 முடிவதற்குள் 38 ஆயின. தெலங்கானாவோ பிறக்கும்போது 10 மாவட்டங்களோடு பிறந்தது. 2016இல் 31 ஆயிற்று. 2019இல் 33 ஆயிற்று.

நான் முகவரி கொடுத்த ஓர் அலுவலகத்தின் பட்டியலில் கள்ளக்குறிச்சி இல்லை. எவரோ எப்போதோ எழுதிய பழைய பட்டியல் அது. மாவட்டத்தைக் கொண்டு மாநிலத்தைக் கண்டறிய வேண்டிய மென்பொருள், மாவட்டத்தைக் காணாமல் திகைத்தது. 'தெரியவில்லை' என்று சொல்லி நின்றிருந்தால் குற்றமில்லை. ஆனால் அதற்கு அப்படிச் சொல்லக் கற்றுக் கொடுக்கவில்லை. 'ஒன்றும் பொருந்தாவிட்டால் முதல் வரிசையை எடுத்துக்கொள்' என்று கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஆங்கில அகரவரிசையில் முதலில் நிற்பது எது? அந்தமான். அன்றிலிருந்து அந்த ஏட்டில் நான் அந்தமான் தீவினன். விடுதி நண்பர்கள் இன்றும் என்னை 'அந்தமான்' என்றே கூப்பிடுகிறார்கள்.

இது வேடிக்கை. ஆனால் இதிலுள்ள பிழை வேடிக்கையன்று. அறியாமையை ஒப்புக்கொள்ளாமல் ஏதோ ஒரு விடையைச் சொல்லிவிடுகிற வழக்கம் மாணவனிடம் இருந்தால் மதிப்பெண் குறையும். மென்பொருளில் இருந்தாலோ மாணவனின் உரிமை குறையும்.

இனி, பெயருக்கு வருவோம். மாவட்டத்தையாவது எண்ணி முடிக்கலாம். பெயரை எண்ணி முடிக்க முடியுமா? நம் வழக்கப்படி நமக்கு உள்ளது ஒரு பெயர். அதற்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து. அந்த முதலெழுத்து குடும்பப் பெயர் அன்று. சாதிப் பெயரும் அன்று. இன்னாருடைய பிள்ளை என்று காட்டும் அடையாளம், அவ்வளவே. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன; இரண்டாவது கட்டம் குடும்பப் பெயருக்கு உரியது. அதனை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்கவில்லை. நான் என்ன செய்வேன்? முதலெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை அங்கு எழுதினேன். அடுத்த மென்பொருளில் இருந்த பட்டியலோ, 'குடும்பப் பெயர் எதுவோ அதுவே மேசைச் சீட்டில் எழுத வேண்டிய பெயர்' என்று கூறியது. இவ்வாறே நான் என் அப்பா ஆனேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் அதனைப் பள்ளிச் சான்றிதழில் 'எல்' என்று எழுதினார்கள். கல்லூரிச் சான்றிதழில் 'இசட்-எச்' என்று எழுதினார்கள். இங்கு வந்தபின் தெலுங்கில் எழுதியவர்கள் ளகரமாக்கினார்கள். ல, ள, ழ என்ற மூன்றையும் ஒன்றாக்குவது எளிது. அந்த ஒன்றைக் கொடுத்து, 'முன்பு இது எதுவாக இருந்தது, சொல்' என்று கேட்டால் எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. கணிதம் படித்தவர்கள் இதனை உடனே உணர்வார்கள். பலவற்றை ஒன்றோடு இணைக்கும் சார்புக்குத் திரும்பும் வழி கிடையாது. தலைப்பெழுத்தும் இப்படித்தான். முத்து, மாணிக்கம், மணி ஆகிய மூவரின் பிள்ளைகளுக்கும் தமிழில் மு., மா., ம. என்று வெவ்வேறு எழுத்துகள். ஆங்கிலத்தில் மூவருக்கும் 'எம்' ஒன்றே. தமிழ்நாட்டு அரசு 2021இல் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. அதனை மொழிப்பற்று என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்திய எழுத்துகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அருமையான ஏற்பாடு ஒன்று உண்டு. 1991இல் இந்தியத் தர நிறுவனம் 'இஸ்கி' என்ற குறிமுறையை வெளியிட்டது. எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே ஒலிக்கு ஒரே எண் என்பது அதன் கருத்து. இன்று உலகமே பயன்படுத்தும் யூனிக்கோடும் அதே அமைப்பைத்தான் பின்பற்றியது. அதில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் 3093. வேறுபாடு 128. எந்தத் தமிழெழுத்தின் எண்ணோடும் 128ஐக் கூட்டினால் அதற்கு நேரான தெலுங்கு இருக்கைக்குப் போய்விடலாம். இதைவிட எளிய பட்டியல் உண்டா?

ஆனால் இருக்கைக்குப் போனால் அங்கே ஆள் இருக்க வேண்டுமே! ழகரத்தின் எண் 2996. அதனோடு 128ஐக் கூட்டினால் 3124. நெடுங்காலம் அந்த இருக்கை காலியாகவே கிடந்தது. நம் ஆண்பாற் பெயர்களின் ஈற்றில் நிற்கும் னகரத்திற்குரிய தெலுங்கு இருக்கை இன்றும் காலிதான். ஆள் இருக்கும் இடத்திலும் தொல்லை உண்டு. 'காந்தி' என்று தமிழில் எழுதி எழுத்துக்கு எழுத்து மாற்றினால், தெலுங்கில் கிடைப்பது அந்தப் பெரியவரின் பெயர் அன்று. ஒளி என்று பொருள்படும் வேறொரு சொல். பார்ப்பவருக்குப் பிழை என்றே தோன்றாத பிழை அது. அதனால்தான் அது கொடியது.

இங்கே நண்பர்களுக்கு ஒரு சுவையான செய்தி. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளில் நம் ழகரத்திற்கு நேரான எழுத்து ஒன்று இருந்தது. பின்னர் வழக்கொழிந்தது. அந்த எழுத்தைத்தான் 2014 ஜூன் மாதம் யூனிக்கோடு 3124ஆம் இருக்கையில் அமர்த்தியது. தெலங்கானா பிறந்த அதே மாதம்! ஆகவே, இந்த மண்ணில் ழகரம் முற்றிலும் அந்நியம் அன்று. ஒரு காலத்தில் இந்த வீட்டில் இருந்து, வெளியூர் போய்விட்ட உறவுதான். அதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள மென்பொருள் எழுதுவோர் மனம் வைத்தால் போதும்.

இப்போது, சிரிப்பு நீடிக்காததன் காரணத்தைக் கூறுகிறேன். என் உதவித்தொகை வங்கிக்குப் போயிற்று. வங்கி ஏட்டில் என் பெயர் தலைப்பெழுத்தோடு சேர்ந்த ஒற்றைப் பெயர். அனுப்பியவர்களின் ஏட்டிலோ என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த இரட்டைப் பெயர். அதிலும் ழகரத்திற்கு வேறு எழுத்து. கணினி இரண்டையும் ஒப்பிட்டது. 'இவன் அவன் அல்லன்' என்று தீர்ப்புக் கூறியது. பணம் திரும்பிவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். விடுதி மெஸ் பாக்கி ஏறியது. நான் சாளரம் சாளரமாக நின்றேன். ஒவ்வொருவரும் நல்லவர், ஒவ்வொருவரும், "சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, தம்பி" என்றார்கள். ஊரில் அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. நான்காம் மாதம் பணம் வந்தது. வட்டி மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு பட்டியலில் ஒரு வரி தவறினால் அதற்கு வட்டி கட்டுபவர் யார் என்பதை நான் அன்று கற்றுக்கொண்டேன்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? ஒரு குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டு எல்லோரையும் போல இருந்துவிட்டால் என்ன?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. பிழைப்புத் தேடிப் புறப்பட்டவன் விமான நிலையத்தில் நின்று வழக்காட முடியுமா? அவன் ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டால் நான் அவனைக் குறை கூறமாட்டேன்.

ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதியையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். சில நாட்களுக்குள், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று அந்த விதி தளர்ந்தது. கேள்வி எழுந்தது, கட்டம் வளைந்தது. நம் நாட்டிலேயே, 2010இல் முதன்முதலாக வழங்கப்பட்ட ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம்தான். முன்பெயர், பின்பெயர் என்ற பாகுபாடு அதில் இல்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் ஏட்டில் முடிந்தது, ஒரு கல்விக் கூடத்தின் ஏட்டில் முடியாதா? கட்டங்கள் மனிதன் போட்டவை. காலுக்கேற்பச் செருப்புத் தைப்பதே முறை. செருப்புக்கேற்பக் காலைத் தறிப்பது முறையன்று.

"அப்படியானால் அரசே பெயர்களுக்கெல்லாம் ஒரு சரியான பட்டியல் போட்டுவிடட்டுமே" என்பார் சிலர். அதிலும் இடர் உண்டு. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் கொடுத்த எழுத்துக்கோவையைக் கண்டு அவ்வூர் மக்களே திகைத்தார்கள். அதே மாதத்தில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஊர்ப் பெயருக்கே இப்படியென்றால், ஆளுக்கு ஆள் வேறுபடும் மக்கட் பெயருக்கு மேலிருந்து பட்டியல் போட முடியுமா? என் பெயரை எப்படி எழுதுவது என்று அறிந்தவன் நான் ஒருவனே. என்னைக் கேட்பதே நேர்வழி.

ஆகவே நான் வேண்டுவன நான்கு. முதலாவது, பட்டியலில் ஒரு சொல் இல்லையென்றால் மென்பொருள் ஊகிக்கக் கூடாது. நிற்க வேண்டும், ஒரு மனிதரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, மாற்றிய மதிப்போடு மாணவன் கொடுத்த மூலத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். மூலம் இருந்தால் பிழையைத் திருத்தலாம். மூலம் போனால் பிழையே மூலமாகிவிடும். மூன்றாவது, பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 'எந்த நாள் முதல், எந்த நாள் வரை' என்று காலம் குறிக்க வேண்டும். நான்காவது, பெயரைப் பட்டியலால் பெயர்க்கவே கூடாது. பெயருக்கு ஒரே கட்டம். அழைக்க வேண்டிய பெயருக்குத் தனியாக ஒரு கட்டம். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என எந்த எழுத்தில் வேண்டுமாயினும் அவரவரே எழுதித் தர இடம். இவ்வளவே.

மூன்றாவது வேண்டுகோள் நடவாத காரியம் என்று யாராவது நினைத்தால், அவர்களை இந்நகரத்தின் ஏதேனும் ஒரு சாலைச் சந்திப்பில் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்வேன். ஏ.பி. என்ற எழுத்தோடு பழைய வண்டி போகும், டி.எஸ். என்ற எழுத்தோடு 2014க்குப் பின் வாங்கியது போகும். 2024 மார்ச்சில் எழுத்து மாறியபின் வாங்கியது டி.ஜி. என்ற எழுத்தோடு போகும். பழைய வண்டியைப் பழைய எழுத்தோடு ஓடவிட்டார்கள். புதியதற்குப் புதிய எழுத்தைக் கொடுத்தார்கள். மூன்றும் ஒரே சாலையில்தான் ஓடுகின்றன. வண்டிக்குக் கிடைக்கும் இந்த மதிப்பு, விழுப்புரத்தில் பிறந்து கள்ளக்குறிச்சியில் வாழும் ஒரு மாணவனுக்குக் கிடைக்கக் கூடாதா?

இறுதியாக, நம்மவர்களுக்கு ஒரு சொல். குறை கூறுவது எளிது. ஆனால் இந்தப் பட்டியல்களை எழுதப் போகிறவர்கள் யார்? 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் எழுந்த நாள் முதல் இந்நகரம் மென்பொருளால் வளர்ந்திருக்கிறது. நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் அங்கேதான் போய் அமரப் போகிறோம். ஒரு நாள் நம் கையிலும் ஒரு பட்டியல் வரும். அசாமிலிருந்தோ நாகாலாந்திலிருந்தோ வந்த எவரோ ஒருவரின் பெயர் அதில் அடங்காமல் நிற்கும். மாலை ஆறு மணி. வீட்டுக்குப் போக வேண்டும். 'முதல் வரிசையை எடுத்துக்கொள்' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்துவிடும். அந்த நேரத்தில் அந்தமானை நினைத்துக்கொள்ளுங்கள். அடகுக் கடைத் தோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை நம் மன்றம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. அடுத்த சேர்க்கைக் காலத்தில் வாயிலில் ஒரு மேசை போடுவோம். புதிதாக வரும் மாணவ மாணவியர் எல்லாச் சான்றிதழ்களிலும் தம் பெயர் ஒரே வகையில் இருக்கிறதா என்று பார்க்கத் துணை செய்வோம். வங்கியில் உள்ள பெயரும் படிவத்தில் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி, படிவம் அனுப்பும் முன்பே சொல்லிக் கொடுப்போம். தெலுங்கு நண்பர்களையும் உடன் வைத்துக்கொண்டால் பெயரை அவர்கள் எழுத்தில் பிழையின்றி எழுதித் தருவார்கள். மேலே கூறிய நான்கு வேண்டுகோள்களையும் பல்கலைக் கழகத்தாரிடம் பணிவோடு எழுத்தில் கொடுப்போம். முதல் மேசையில் அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

என் மேசையில் இப்போது என் பெயர் இருக்கிறது. அச்சிட்ட சீட்டை நானே கிழித்துவிட்டு, வெள்ளைத் தாளில் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டினேன். மறுநாள் பேராசிரியர் அதனைப் படித்துவிட்டு, ழகரத்தை எப்படி ஒலிப்பது என்று கேட்டார். மூன்று முறை முயன்றார். மூன்றாம் முறை சரியாக வந்தது.